எங்காங் மரமும் செல்லாயி வைத்த இலையும்

போன வாரம் சிரம்பான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் உளுந்து வடை வாங்கினேன். கடைக்காரர் பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். நின்றபடியே தின்று கொண்டிருந்தவன், தாளில் ஒரு பறவையின் படத்தைப் பார்த்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பறவையின் வயிற்றுக்குள் பின்பக்கத்து நகைக்கடை விளம்பரம் தெரிந்தது. பெரிய மஞ்சள் அலகு, அதற்குமேல் கொம்பு வைத்தது போல ஒரு தடிப்பு. இருவாச்சி என்று அச்சிட்டிருந்தார்கள். தோட்டத்தில் நாங்கள் மலாய்க்காரர்கள் சொல்வது போல எங்காங் என்றுதான் சொல்வோம்.

லாபுவுக்கு அப்பால் காட்டோரத்தில், பறவை பார்க்கும் சங்கத்தார் விடியலிலேயே தொலைநோக்கிகளோடு கூடினார்களாம். பழைய மரம் ஒன்றின் பொந்தில் எங்காங் சோடி கூடு வைத்திருப்பதைக் கண்டு பூரித்துப் போனார்களாம். நல்ல செய்திதான். அடுத்த பத்தியில்தான் வடை தொண்டையில் நின்றது. மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்ட்களோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், பட்டாளம் அந்தச் சரிவை மொட்டையடிக்க வந்தபோது, பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வாதாடி மரங்களைக் காப்பாற்றினாராம். அந்தப் பெரிய மனசுக்காரர் நினைவாக அங்கே ஒரு பலகை நட வேண்டுமாம். அதற்குக் கீழே, போகிற போக்கில் இன்னொரு வரி: அந்நாளில் தோட்டத் தொழிலாளர்கள் கண்ணி வைத்தும் கவண் அடித்தும் பல பறவைகளை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

கவண் அடித்தோம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? பச்சைப்புறா வறுவல் நன்றாக இருக்கும். அரிசியே அளந்து கிடைத்த நாளில் புறாவை விட்டுவிட நாங்கள் சாமியார்களா? ஆனால், மலை மலையாகக் காட்டை வெட்டி, எரித்து, கண்ணுக்கெட்டிய மட்டும் ரப்பர் நட்டது எங்கள் கவணா? வெட்டச் சொன்னவர்களுக்குப் பலகை, வெட்டிய கைக்குப் பழி. கடைக்காரர், "என்ன ஐயா, வடை கல்லா இருக்கா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

துரை மரத்தைக் காப்பாற்றினார் என்பது உண்மை. நான் அங்கேதான் நின்றேன். அன்று அவர் வேறு எதைக் காப்பாற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தாளில் எழுதமாட்டார்கள், ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. எங்கள் வாத்தியாருக்குக் காலைப் பிரட்டில் வேலைக்கு வரிசையாக நிற்கிற ஆள் பெயர் எழுதுகிற வேலையும் இருந்ததால், அவர் வருவதற்குள் நாங்கள் ஆற்றுக்குப் போயிருப்போம். பிறகு என் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. சுவா பக்கம் புல் வெட்டினேன், லோரியில் ரப்பர் பால் பீப்பாய் ஏற்றினேன், கங்காணியோடு சண்டை போட்டேன், கிளம்பினேன். மீசை நன்றாக முளைத்த வயதில் லாபுப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே துரை பங்களாவில் தோட்ட வேலை கிடைத்தது. பால் வெட்டத் தெரியாதவனுக்குக் கிடைக்கிற வேலை அதுதான்.

பங்களாப் புல்வெளியின் நடுவில் ஒரு கம்பம் நட்டு அதன்மேல் பலகை அடித்திருந்தார்கள். காலையில் நான் செய்கிற முதல் வேலை, அந்தப் பலகையில் ரொட்டித் துண்டு, பப்பாளி, முதல்நாள் மிஞ்சிய சோறு எல்லாம் பரப்பி வைப்பது. மைனாவும் கொண்டைக் குருவியும் வந்து தின்னும். துரை வராந்தாவில் பைஜாமாவோடு உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்ப்பார். நல்ல அரிசிச் சோறு, முத்து முத்தாக இருக்கும். நான் வாயில் எச்சில் ஊறப் பரப்புவேன். இரண்டு வாய் நானும் தின்றிருக்கிறேன். குருவிகள் புகார் சொல்லவில்லை.

அந்தக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், துப்பாக்கிச் சத்தத்தைவிட முதலில் எனக்கு வருவது சார்டின் வாசனைதான். கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணி வைத்து அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், சட்டம் அப்படி. ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கி வைத்துக் காட்டுக்குள் அனுப்ப முடியாது பாருங்கள். வீடு வருவதற்குள் குழம்பு வழிந்து சட்டையெல்லாம் சிவப்பாகும், தோட்டத்து நாய்கள் அத்தனையும் பின்னாலேயே வரும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது, அவ்வளவுதான் அரசாங்கத்தின் எண்ணம். அதற்காகச் சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, பிடுங்கிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கட்டினார்கள். சுற்றி முள்ளுக்கம்பி, ஒரே ஒரு கேட். பால் வெட்டப் போகிற பெண்களின் கூந்தலைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். மதியம் வரை வெறும் வயிற்றோடு பால் வெட்டினார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் குற்றம். பங்களாப் புல்வெளி வேலிக்குள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்டதில்லை. உண்மையில் அது வெளியே, தனிக் குன்றில் இருந்தது.

வேலி வந்ததும் காக்கை போய்விட்டது. இதையும் அந்தச் சங்கத்தாருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் காக்கை, நகரத்தில் குப்பை கிளறுகிற சாம்பல் கழுத்துக் காக்கை இல்லை. தடித்த அலகு வைத்த, முழுக் கறுப்புக் காட்டுக் காக்கை. காவலுக்கு வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் சில இளவட்டங்கள் பொழுது போகாமல் அவற்றைச் சுட்டுப் பழகினார்கள். லயத்தைச் சுற்றி ஒரு மரம் விடாமல் வெட்டியும் ஆகிவிட்டது. காக்கைக்கு மூளை உண்டு. வேலிக்கு அப்பால், எங்காங் மரம் நிற்கிற சரிவிலேயே தங்கிக்கொண்டது. அமாவாசை, திவசம் என்றால் லயத்துப் பெண்கள் கூரைமேல் சோற்றை வைத்துவிட்டு, தொண்டை வறளக் கூப்பிடுவார்கள். காக்கை தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகள் பசியில் அழும். கடைசியில் யாராவது ஒரு கோழியைத் தூக்கிச் சோற்றருகே விட்டு, "கோழியும் ரெக்கை வச்சதுதான் லா, சாப்புடுங்க" என்று முடித்து வைப்பார்கள்.

செல்லாயி அக்கா அப்படி முடித்துக்கொள்கிற ஆள் இல்லை. எனக்கு அடுத்த அறை அவளுடையது. நாக்கு மிளகாய். நான் வந்த முதல் நாளே, "எலே ஊர்சுத்தி, பொட்டிய அவுக்காத. எப்படியும் அடுத்த மாசம் கட்டத்தானே போற?" என்றாள். ஆனால் தினம் என் தட்டில் ஒரு கரண்டி ரசம் அவள் வீட்டிலிருந்துதான் விழும்.

அவள் புருஷன் மாரிமுத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். வேலி வருவதற்கு முன்னால் காட்டிலிருந்து வந்தவர்கள் அவரிடம் அரிசி கேட்டார்கள். என் கையில் இல்லை என்றார். மறுபடி வந்து கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்றார். ஒட்டுப்பால் கொட்டகை வாசலில் சுட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குழி மூடும் வரை நின்றார் என்று லயத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அதை நினைவில் வையுங்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுக்காததற்காகச் செத்தவர் மாரிமுத்து. அது துரைக்குத் தெரியும்.

அவருடைய தலைத்திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அக்கா விடியலில் குளித்து, வாழைக்காய் வறுத்து, பருப்புக் குழம்பு வைத்து, பங்கீட்டு உளுந்தைச் சேர்த்து வைத்து வடையும் சுட்டிருந்தாள். இலையோரத்தில் ஒரு சுருட்டு.

"என்னக்கா, மண்டோர் சுருட்டு பிடிச்சா அந்தக் கத்து கத்துவியாமே?" என்றேன்.

"உசுரோட இருந்தப்ப கத்துனேன். இப்ப என்னத்த, நெஞ்சு வலியா வரப்போவுது? குடிச்சிட்டுப் போவட்டும்."

கூரையில் வைத்துக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. நான் குழாயடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் இலையைக் கையில் ஏந்தி வேலி ஓரமாகப் போவதைப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே, கை எட்டுகிற தூரத்தில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. கொஞ்சமாக எடுத்து வைத்திருக்கலாம். பசி, வெயில், அழுகை எல்லாம் சேர்ந்து, படையல் இலையை முழுசாகவே கம்பிச் சந்து வழியாக நீட்டி, அடிக்கட்டைமேல் வைத்துவிட்டாள். சோறு, குழம்பு, வடை, சுருட்டு, ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு. பிறகு சரிவைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

வந்தது காக்கை இல்லை. வேலியைச் சுற்றி ரோந்து வந்த போலீஸ். முன்னால் புதிதாக மாற்றலாகி வந்த வெள்ளைக்கார அதிகாரி. அவர் இலையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், செல்லாயியைப் பார்த்தார். யாருக்கு இது என்று மலாயில் கேட்டார்.

"என் வூட்டுக்காரருக்கு," என்றாள் அக்கா, அவளுக்குத் தெரிந்த மலாயில்.

"அவன் எங்கே?"

"செத்துட்டாரு."

"செத்தவன் எப்படி வந்து சாப்பிடுவான்?"

"காக்காயா வருவாரு."

அதிகாரி குனிந்து சுருட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். காக்கை சுருட்டு குடிக்குமா என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டில் நிற்கிற வயசான மலாய்க்கார கான்ஸ்டபிள் ஒருவர் மட்டும் ஓடி வந்து, "துவான், இது அவங்க ஆடாட். செத்தவங்களுக்கு வைக்கிற வழக்கம்," என்றார். அவரை வாயை மூடச் சொல்லிவிட்டார் அதிகாரி. கூப்பிட்ட சத்தம் சைகைக் குரல், இலை காட்டுக்காரர்களுக்கு, சுருட்டு அவர்கள் தலைவனுக்கு. எல்லாம் அவருக்கு நிமிடத்தில் விளங்கிவிட்டது. அக்காவை லோரியில் ஏற்றினார்கள். ஏறும்போதும் திரும்பித் திரும்பி அந்த இலையையே பார்த்தாள். ஒரு போலீஸ்காரன் பூட்ஸ் காலால் அதைத் தள்ளிவிட்டான்.

சோறு கொடுத்ததாக முடிவானால் தடுப்பு முகாம், பிறகு கப்பல். அது எல்லாருக்கும் தெரியும். அக்கா சுவா தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் அதைச் சொல்ல ஒரு பிறப்புப் பத்திரமும் இல்லை. இந்தியாவில் அவளுக்கு ஒரு நாய்கூடத் தெரிந்ததில்லை. அவளை இங்கேயே நிறுத்த ஒரே வழி, விவரம் தெரிந்த ஒருவர் போய் ஒரு வார்த்தை சொல்வது.

நான் முதலில் ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், சைவர். அவர் வீட்டம்மா தினமும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அன்றைக்கும் வைத்திருந்தார், குசினிச் சுவரில் பருக்கை காய்ந்து கொண்டிருந்தது.

"நீங்க இங்கிலீசுல விளக்கிச் சொன்னா விட்டுடுவாங்க ஐயா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உனக்கு விளங்காது. நான் போய் வாய் திறந்தால், உனக்கும் காகத்துக்கும் என்ன சொந்தம் எண்டு கேப்பாங்கள். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"உங்க வூட்டுச் சுவத்துல இருக்கறது என்னங்கையா?"

அவர் சுவரைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியே வந்து என்னைப் பார்க்காமல் சுவரைக் கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் அந்த அதிகாரியே பங்களாவுக்குத் தேநீர் குடிக்க வந்தார். நான் புல்வெளியில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது துரை சொல்லிவிடுவார், நானே கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். இருவரும் சரிவைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். என் இங்கிலீசு பங்களாச் சமையல்கட்டில் கற்றது. முட்டை, உப்பு, சீக்கிரம் என்கிற அளவில் நிற்கும். ஆனாலும் விஷயம் புரிந்தது. வேலிக்கு மேலேயுள்ள மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் காட்டுக்காரர்கள் ஒளிந்து வர முடியாது என்று பட்டாளம் சொல்கிறது. துரை வேண்டாம் என்கிறார். தொலைநோக்கியை அதிகாரியின் கையில் கொடுத்தார். பிறகு, கையை முஷ்டியாக மடக்கி, ஒரு சின்னச் சந்து மட்டும் விட்டுக் காட்டினார். பெட்டை எங்காங் பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விடும், ஆண் பறவை வெளியே நின்று அந்தக் கீறல் வழியாகத் தீனி கொடுக்கும். அதை அவர் விரலால் நடித்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. சத்தியமாகக் கலங்கியது. நான் பார்த்தேன்.

அதிகாரி தலையாட்டினார். சரி, அந்த மரங்களை விட்டுவிடலாம் என்றார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொரு கேக் துண்டு வந்தது. செல்லாயியின் பேர் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கையில் சோற்றுச் சட்டியோடு வராந்தாப் படியில் ஏறிவிட்டேன்.

"தொரை, செல்லாயியும் கம்பிச் சந்து வழியாத்தான் வச்சா. மாரிமுத்து மண்டோர் பொஞ்சாதி. நீங்க சாவுக்கு வந்தீங்க. காட்டுக்காரங்க சுட்ட ஆளோட பொஞ்சாதி அவங்களுக்கே சோறு போடுவாளா? ஒரு வார்த்தை சொல்லுங்க தொரை."

துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார். "ஏய், நீ கீழ போ. அது போலீஸ் வேலை," என்றார்.

"அவ காக்காய்க்கு வச்சது குத்தம்னா, நான் தெனம் இங்க வைக்கிறது என்னங்க?" சட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அதிகாரி என்னவென்று கேட்டார். துரை இங்கிலீசில் ஏதோ சொன்னார். சிரிப்பு வந்தது இருவருக்கும். பிறகு என்னிடம், கோபமில்லாமல், ஒரு பாடம் சொல்வது போலச் சொன்னார்: "காக்கா ரொம்பக் கெட்ட குருவி. நல்ல குருவி முட்டை எல்லாம் தின்னும். அதுக்குச் சோறு போடக் கூடாது."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்தச் சாந்தமான பதில் மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. ஒரு பொம்பளையைக் கடல் தாண்டித் தூக்கிப் போடப் போகிறார்கள். இவர் நல்ல குருவி, கெட்ட குருவி பிரிக்கிறார். எனக்கு எங்காங் மேல் கோபமில்லை. அது என்ன செய்யும், பாவம்? அந்த மரம் நின்றதும் நல்லதுதான். அந்த மேசையில், அந்தத் தேநீரோடு, இரண்டையும் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம். மரத்தைக் கேட்டவருக்குக் கிடைத்தது. பொம்பளையைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

அன்றே என் வேலை போயிற்று. மறுநாள் காலையில் வேறொருவன் குருவிக்குச் சோறு பரப்பினான்.

சிரம்பான் லாக்கப்புக்குப் போய் அவளைப் பார்த்தேன். லயத்துக்காரர்கள் இரண்டு சேலை கட்டிக் கொடுத்திருந்தார்கள். அழுவாள் என்று நினைத்துப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "எலே ஊர்சுத்தி, என்னமோ நாடு நாடா சுத்துனவன் மாதிரி பீத்திக்குவியே, இப்பப் பாரு, உன்னையவிட நான்தான் தூரம் போறேன்," என்றாள். அழுதது நான்தான். நான் கிளம்பும்போது கூப்பிட்டாள். "டேய், அவரு அன்னிக்குப் பசியோட போயிட்டாரு. அடுத்த வருசம் நீ வச்சிருடா. சுருட்டு மறக்காத."

முகாமில் சில மாதம் வைத்திருந்து கப்பலேற்றினார்கள். அதே கப்பலில் போய்த் திரும்பிய ஒருவர், அவள் நாகப்பட்டினத்தில் இறங்கி மூட்டைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அவள் அப்பா ஊர் எது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. திருச்சிப் பக்கம் என்பாள், அவ்வளவுதான்.

நான் கெமாசுக்குப் போய் ரயில்பாதை வேலையில் சேர்ந்தேன். தண்டவாளத்துக்கு அருகே வேலி கிடையாது, காக்கைக்கும் பஞ்சமில்லை. மாரிமுத்து மண்டோரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் திவசத்துக்கு வருஷம் தவறாமல் வைத்தேன், சுருட்டும் சேர்த்து. கெமாஸ் காக்கைகள் சுருட்டைத் தொடவில்லை, நான் பிடித்துக்கொண்டேன்.

இன்று அந்த லயம் இல்லை. வேலியைப் பிடுங்கி யாரோ கோழிக்கூண்டு கட்டினார்கள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. நான் இருக்கிற அடுக்குமாடியில் பறவைகளுக்கு உணவு போடக் கூடாது என்று படிக்கட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, காக்கைக்கு ஏன் சோறு வைப்பார்கள் என்று கேட்டால் சிரிப்பு வருகிறது.

செல்லாயி அக்காவுக்கும் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பல காலம் வைக்காமல் இருந்தேன். எங்கேயாவது ஒரு குடிசையில் யாரையாவது ஏசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், உயிரோடிருப்பவளுக்குப் படையல் போடலாமா? இப்போது அவள் இருக்க வழியில்லை, எனக்கே நடக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் வைக்கலாம் என்கிறார் கோயில் குருக்கள். கும்பலில் ஒருத்தியாக அவளுக்கு வைக்க எனக்கு மனமில்லை. அவள் தன் புருஷனுக்கு நாள் தப்பாமல் வைக்கப் போய்த்தான் நாடு இழந்தாள். அவள் செத்த நாளை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.